என் தோளுக்கு ஒரு துப்பாக்கி

சமையலறைத் தொட்டிக்குக் குறுக்கே துப்பாக்கி கிடந்தது. குழாயிலிருந்து தண்ணீர் அதன் இரும்பின்மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. சம்பந்தி முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, கரைத்த புளியை அள்ளி அள்ளி அதன்மேல் வைத்துத் தேய்த்தார். தொட்டியில் இறங்கிய தண்ணீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

"வந்து பாருங்க சம்பந்தியம்மா! எத்தனை வருஷத்து அழுக்கு! அந்த வெள்ளைக்காரன் இதைத் தொடச்சே பார்த்ததில்லையாட்ட இருக்குது!"

எட்டிப் பார்த்தேன். அவர் தேய்த்த இடமெல்லாம் கல்யாணச் சீருக்கு வாங்கிய எவர்சில்வர் தட்டம் மாதிரி மின்னியது. தேய்க்காத இடம் மட்டும் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

அன்று ஆயுத பூஜை. கத்தி, கத்தரிக்கோல், மிக்ஸி ஜார், மருமகளின் லேப்டாப், வெளியே நிற்கும் இரண்டு கார் என்று எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. துருப்பிடித்த சாமானைச் சாமி முன்னால் வைக்கச் சம்பந்திக்கு மனசு வரவில்லை. அவர் என் மருமகள் கவிதாவின் அப்பா. கோயமுத்தூரில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரையின் அடிப்பாகத்தை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியதும் அவர்தான்.

எனக்கும் அப்போது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "நல்லா வந்திருக்குதுங்க" என்றேன். அந்த வாரத்தில் அவரிடம் நானாகப் பேசியது அவ்வளவுதான். நான் வாய் திறக்கிறவள் இல்லை என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். துப்பாக்கியின் மரக்கட்டையில் விபூதியை மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், பேத்தியின் பழைய வயலினுக்கு அருகே, அதைச் சாத்தி வைத்துக் கற்பூரம் காட்டினோம்.

அந்தத் துப்பாக்கி இன்னும் எங்களுடையது ஆகவில்லை என்பதுதான் விஷயம்.

யாரும் பேசாத இடம்

என் மகன் செந்திலுக்கு டெக்ஸாஸ் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இங்கே வந்து காலூன்றியதும் நம் பையன்கள் வாங்குகிற வரிசை எனக்கு மனப்பாடம். வீடு, பெரிய கார், கொல்லையில் கறி வாட்டுகிற அடுப்பு. டெக்ஸாஸாக இருந்தால் அதற்கடுத்தது துப்பாக்கி. சனிக்கிழமை காலையில் நாலு பேராகச் சேர்ந்து சுடுகிற இடத்துக்குப் போவார்கள். ரேஞ்ச் என்று பெயர். ஊருக்கு வெளியே, ஒரு மண் மேட்டுக்கு முன்னால், கூரை போட்ட நீளமான கொட்டகை.

ஒருமுறை கவிதா ஆபீஸ் வேலையாக இர்விங் ஊருக்குப் போயிருந்தாள். என்னைத் தனியாக விட்டுப்போகப் பயந்து செந்தில் என்னையும் ஏற்றிக்கொண்டான். "நீ கார்லயே உக்காந்துக்கம்மா, ஏசி போட்டு வெக்கறேன், அரை மணி நேரத்துல வந்தர்றேன்" என்றான். அரை மணி நேரம் அவனுக்கு எப்போது முடியும் என்பது அவனைப் பெற்ற எனக்குத் தெரியாதா?

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். என் வயசில் ஒரு வெள்ளைக்கார அம்மா. சுருக்கம் விழுந்த கழுத்தில் விசில் தொங்கியது. வெயிலைக் காட்டினாள், உள்ளே வா என்று கையைக் காட்டினாள், என் காதில் இரண்டு பெரிய கிண்ணங்களை மாட்டிவிட்டாள். அவள்தான் லிண்டா. அந்த ரேஞ்சில் வாரக் கடைசியில் மேற்பார்வை பார்க்கிறவள்.

காது மூடியதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படி எழுதுவது?

இந்த நாட்டில் என் பயமெல்லாம் பேச்சுதான். கடையில் பில் போடுகிற பெண் "ஹவ் ஆர் யூ" என்பாள். நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் நின்று ஏதோ கேட்பார். தமிழ்ச் சங்க விழாவில் "ஆன்ட்டி, நீங்க எந்த ஊரு, எத்தனை பசங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தால் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். ஏதாவது ஒரு தூணையோ சுவரையோ பார்த்து ஒதுங்கிவிடுவேன்.

ரேஞ்சில் அத்தனை பேரும் காதை மூடியிருக்கிறார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. ரொம்பப் பிரியமாக இருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நானும் காட்டினேன். எனக்கு அது வந்தது.

செந்திலும் கூட்டாளிகளும் சுட்டது பட்டாசுச் சரம் மாதிரி. படபடவென்று தீர்த்துவிட்டு, அடுத்த சரத்தை மாட்டினார்கள். கொட்டகையின் கடைசி மேசையில்தான் வேறு மாதிரி ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் கிழடுகள். அவர்கள் கையில் இருந்தது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி.

அதில் விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி இருக்கிறது. அதைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கிற இரும்பு அடைப்பு இறங்கி வழிவிடும். தோட்டாவை விரலால் உள்ளே தள்ள வேண்டும். பிடியை மேலே இழுத்தால் அடைப்பு ஏறி மூடிக்கொள்ளும். சுட்ட பிறகு மறுபடி திறந்து, வெறுங்கூட்டை எடுத்துவிட்டு, அடுத்ததைத் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று. உட்கார்ந்துகொண்டு, இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி, அதன்மேல் குழலைச் சாய்த்துச் சுடுகிறார்கள். எதிரே ரொம்பத் தூரத்தில் இரும்புத் தகட்டில் வெட்டின கோழி, பன்றி, ஆடு.

லிண்டா என்னை உட்காரவைத்துத் தன் துப்பாக்கியைக் கொடுத்தாள். எப்படியோ சுட்டேன். தோளில் யாரோ கை வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான், தாமதமாக, அங்கிருந்து டங்கென்று ஒரு சத்தம் வந்தது. இரும்புப் பன்றி ஆடிக்கொண்டிருந்தது.

செந்தில் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறுவதில்லை.

மாமனார் வீட்டுச் சுவர்

துப்பாக்கியை அதுவரை நான் பார்க்காதவள் இல்லை. கோபிப் பக்கம் என் மாமனார் வீட்டில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி ஒன்று முன்கூடமான ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருந்தது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவருவார்கள். நாங்கள் பெண்கள் அதற்குக் கீழே கூட்டிப் பெருக்கலாம். தொடக்கூடாது. ஒட்டடை அடிக்கும்போது விளக்குமாறு பட்டுவிட்டதென்று என் நாத்தனார் வாங்கிய அறை எனக்கு நினைவிருக்கிறது. பன்றி கரும்பில் இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டியதென்னவோ நாங்கள்தான்.

அதைச் சொல்லி உருகுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. போகிறபோக்கில் எழுதினேன்.

கேட்டது

எனக்கு எழுபது பிறந்தது. வீட்டுக்காரர் இல்லாதவளுக்கு என்ன சாந்தி, என்ன ஹோமம். கேக் வெட்டலாம் என்றார்கள். "அம்மா, உனக்கு என்ன வேணும்? எதுனாலும் கேளு" என்றான் செந்தில். இந்தக் கேள்விக்கு வழக்கமாக நான் சொல்கிற பதில், "எனக்கென்ன கண்ணு வேணும்" என்பது. அதைக் கேட்டுவிட்டு அவன் ஒரு சுங்குடிப் புடவையோ சால்வையோ வாங்குவான்.

இந்த முறை, "ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கி ஒண்ணு வேணும்" என்றேன்.

கவிதா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சம்பந்தி டி.வி. சத்தத்தைக் குறைத்தார். காலேஜ் ஹாஸ்டலில் இருந்த பேத்தி போனிலேயே, "பாட்டி, ஆர் யூ சீரியஸ்?" என்று கத்தினாள். சீரியஸ் என்றேன். அந்த வார்த்தை எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் கற்றது.

காரணம் சாதாரணமானது. கடைசி மேசைக் கிழடுகள் அடுத்த மாதம் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். அன்றைக்கு லிண்டாவின் துப்பாக்கியை லிண்டா சுடுவாள். எனக்கு ஒன்று வேண்டாமா?

பழசா, புதுசா

இப்படிப்பட்ட துப்பாக்கி இரண்டு வகையில் கிடைக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலே ஆன அசல் ஒன்று. அந்த அசலைப் பார்த்து, அதே பிடி, அதே அடைப்பு, அதே அளவில், இப்போது இத்தாலியில் செய்து அனுப்புகிற புதுசு ஒன்று. கடைசி மேசையில் இரண்டும் இருந்தன. இரண்டையும் லிண்டா என்னைச் சுடவைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரிந்த கடைக்காரர் ராய். ரவுண்ட் ராக்கைத் தாண்டி வடக்கே, எண்ணெயும் கருகின காப்பியும் மணக்கிற சின்னக் கடை. பெரிய உடம்பு, வெள்ளைத் தாடி, பேச்சு கம்மி. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். அவர் மேசைமேல் ஒரு பழசையும் ஒரு புதுசையும் எடுத்துவைத்தார்.

எல்லாரும் பழசைப் பார்த்தார்கள்.

"அம்மா, இது ஒரிஜினல்மா! எத்தனை பேர் கை பட்டது, யோசிச்சுப் பாரு. அது வெறும் காப்பி. இது வருஷத்துக்கு வருஷம் வேல்யூ ஏறும். இன்னொண்ணு, பழசுக்கு ஃபார்ம் எதுவும் இல்ல, அப்படியே தூக்கிட்டுப் போயிரலாம். புதுசுன்னா வாங்கற ஆளே நின்னு கேள்விக்கெல்லாம் பதில் சொல்லோணும்."

"நம்ம வயசுக்குப் பழசுதானுங்க சம்பந்தியம்மா பொருத்தம்" என்றார் சம்பந்தி. அவர் பேங்கில் லோன் சிபாரிசு செய்கிற குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

லிண்டாகூட நெஞ்சில் கையை வைத்து, "ஹிஸ்டரி" என்றாள்.

யாருடைய ஹிஸ்டரி? அதை முதலில் தோளில் வைத்தவன் ஆறடி இருந்திருப்பான். எதைச் சுட்டானோ, யாரைச் சுட்டானோ. நான் தூக்கிப் பார்த்தேன். மரக்கட்டை அவன் கன்னம் பட்டு வழவழவென்று இருந்தது. ஆனால் அதைத் தோளில் வைத்தால் என் விரல் விசைக்கு எட்டவில்லை. கழுத்தை நீட்டி, முதுகைத் திருகி, எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. குறி பார்க்க அதில் இருப்பது நெல்மணி அளவு முள்ளும், பின்னால் ஒரு சின்ன வெட்டும். புரை எடுத்த என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கலங்கின. அதற்கான தோட்டா கடைகளில் வருவதில்லை, வீட்டில் நாமே செய்துகொள்ள வேண்டுமாம். வெடிமருந்தையும் மிதமாகப் போட வேண்டுமாம், பழைய இரும்பு தாங்காதாம்.

புதுசும் எனக்கு நீளம்தான். ஆனால் அதன் பின்பக்கம் பட்டன் அளவில் ஒரு வட்டத் துவாரம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ச் சுவரின் ஆணிகூடத் தெரிந்தது. பிடி இறுக்கமாக, சொன்ன பேச்சைக் கேட்டது. உடைந்தால் சாமான் கிடைக்கும்.

ராய் விரலால் மரக்கட்டையின் அடியைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். லிண்டா கையால் அறுப்பதுபோல் காட்டினாள். புதுசை என் கைக்கு ஏற்ற மாதிரி அறுத்துக் கொடுக்கலாமாம். பழசில் ரம்பத்தை வைக்க அவர் சம்மதிக்கவே மாட்டாராம்.

எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

நான் அளவு சொல்லி வாங்கிய பொருள் என்று வாழ்க்கையில் எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்தது மாமியார் சொன்ன அளவில், கொஞ்சம் பெரிசாகவே, பின்னால் உடம்பு போடும் என்று. உடம்பு போடவில்லை, ஊக்கு குத்தியே நாற்பது வயசு வந்துவிட்டது. இங்கே சமையல் மேடை வெள்ளைக்காரி உயரத்துக்குக் கட்டியிருக்கிறது. நான் முக்காலியில் ஏறி நின்றுதான் வெங்காயம் அரிகிறேன். முக்காலி இல்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போனால், மேடையில் மோவாய் இடிக்கிற மாதிரி நின்று உதவி செய்வேன்.

அதையெல்லாம் அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "புதுசு" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

"காப்பியா வேணும்ங்கற?" என்றான் செந்தில்.

காப்பி, காப்பி என்று அவன் சொன்னதை நினைத்து நினைத்து அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருந்தது. என் மாமியார் வார்த்த தோசை அசல், நான் வார்ப்பது அதற்கு நகலா? மாவு அரைக்கிற பக்குவம் ஒன்று. கல் மட்டும் வேறு. பசிக்கிறவன் எதைச் சாப்பிடுவான், என் மாமியார் எப்போதோ வார்த்ததையா?

செந்தில் விடவில்லை. "உனக்குக் கன்ஃப்யூஷன்மா. வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு நாள் வெச்சுப் பாரு, தானா புடிக்கும்" என்று ராயிடம் பேசி, பழசை வாங்கி வந்துவிட்டான். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகப் பேச்சு. லிண்டாவின் முகத்துக்காக ராய் கொடுத்தனுப்பினார்.

நடுவில் வந்ததுதான் ஆயுத பூஜை.

திங்கட்கிழமை

ராய் துணியைப் பிரித்தார். குழலைக் கட்டைவிரலால் மெள்ளத் தடவினார். திருகாணியின் பள்ளத்தில் குங்குமம் இருந்தது. விசை வளையத்தில் காய்ந்த சந்தனம். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"வாட் இஸ் திஸ் ஸ்மெல், சன்?"

"டாமரிண்ட், சார்" என்றான் செந்தில்.

ராய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவர் சொன்னதைச் செந்தில் தமிழில் சொன்னான். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லையாம். நூறு வருஷமாகப் படிந்து, இரும்புக்கே தோல் மாதிரி ஆனதாம். அதைப் பார்த்துத்தான் பழம்பொருள் சேர்க்கிறவர்கள் வாங்குவார்களாம். உரித்ததைத் திரும்ப ஒட்ட முடியாதாம்.

சம்பந்திக்கு இது ஏறவே இல்லை. "ஏன் மாப்ளே, இத்தனை பளபளப்பாப் பண்ணிக் குடுத்ததுக்கு அந்தாளு நமக்கில்ல கூலி குடுக்கோணும்?"

"மாமா, ப்ளீஸ். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

"இல்ல, நான் கேக்கறேன். துருவு எங்கயாச்சும் விலைக்குப் போகுமா? பேங்க்ல எத்தனை பழைய சாமான் அடகு பார்த்திருக்கேன்!"

செந்தில் நியாயமான பையன். அந்த இடத்திலேயே பழசைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். ராய் தலையை மட்டும் ஆட்டினார்.

காரில் ஏறியதும் செந்தில் பெருமூச்சு விட்டான். "சரி. நடந்தது நடந்துருச்சு. ஒரு வகைல நல்லதுதான், டிசைட் ஆயிருச்சு பாரு. இதுதாம்மா உன்ற கிஃப்ட்."

என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "இது என்றது இல்ல" என்றேன்.

"என்னம்மா?"

"இது நீங்க ரெண்டு பேரும் வாங்குனது. நான் கேட்டது புதுசு."

"அம்மா, வீட்ல எத்தனை துப்பாக்கிம்மா வெக்கறது? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தியம்மா," என்றார் முன்சீட்டிலிருந்து சம்பந்தி, "இதையே நான் இன்னும் நல்லாத் தேய்ச்சுத் தந்தர்றேன். புதுசாட்டவே ஆயிரும்."

"நீங்க சும்மா இருங்க!"

சம்பந்தியை நான் அப்படிச் சொல்லலாமா? சொன்னேன். அதோடு நிறுத்தவும் இல்லை.

"நீ வாங்கித் தர வேண்டாம் கண்ணு. ஊர்ல என்ற பேர்ல இருக்கற கடைக்கு வாடகை வருதில்ல? அதுல நானே வாங்கிக்கறேன்."

"ஃபார்ம் ஃபில் பண்ணோணும்மா. அந்தாளு கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் நீதான் ஆன்சர் பண்ணோணும். ஒரு கடைல உப்பு எங்க இருக்குன்னு கேக்க உனக்கு வாய் வராது."

அது உண்மை. "வரும்" என்றேன்.

கவிதா சொன்னது

கவிதாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. அவள் பேச்சை லேசாகத் தள்ள முடியாது. "அத்தை, இந்த ஊர்ல ஸ்கூல் பசங்களுக்கு, யாராவது துப்பாக்கியோட வந்தா எங்க ஒளியறதுன்னு சொல்லித் தர்றாங்க. நம்ம பாப்பாவும் டெஸ்க்குக்கு அடியில ஒளிஞ்சு பழகித்தான் வளர்ந்தா. எனக்கு இது வீட்ல இருக்கறதே அலர்ஜி."

இதைப் படித்துவிட்டு எனக்குத் திட்டி எழுதப்போகிறவர்களுக்கும் அதே பேச்சுதான் இருக்கும். எழுதுங்கள். பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, தோட்டா வேறு இடத்தில், சாவி ஒன்று அவளிடம் என்று அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

செந்தில் உர்ரென்று இருந்தான். என்னைக் கடைக்குக் கூட்டிப்போக அவனுக்கு வேளை வரவில்லை. மீட்டிங், டெட்லைன், கார் சர்வீஸ். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பழசு அதற்குள் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் சம்பந்தி, "நூறு வருஷத்து ஐட்டமுங்க, நான்தான் துலக்குனது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் கவிதா கார் சாவியோடு வந்து நின்றாள்.

"கெளம்புங்க அத்தை."

"எங்க கண்ணு?"

"ராய் கடைக்கு. எனக்குத் துப்பாக்கி புடிக்காது. ஆனா உங்க கிஃப்ட்டை அவரு சூஸ் பண்றது அதைவிடப் புடிக்கல."

சம்பந்தியும் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார். வீட்டில் துலக்க ஒன்றும் பாக்கியில்லை போலும்.

ராயின் பட்டறை

ராய் ஒவ்வொரு கேள்வியாக, நிதானமாகக் கேட்டார். கவிதா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். யெஸ், நோ என்று பதில் சொல்ல வேண்டியது நான். முதல் இரண்டு கேள்விக்கு எனக்குக் குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது. ராய் காதைக் கையால் குவித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதிலிருந்து சத்தமாகச் சொன்னேன். என்னென்னவோ பாவமெல்லாம் செய்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள், நோ நோ என்று சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அப்புறம் கையெழுத்து. கிரீன் கார்டில் போட்ட அதே தமிழ்க் கையெழுத்து. போனில் யாரிடமோ விசாரித்துவிட்டு, ராய் தலையை ஆட்டினார்.

துப்பாக்கி என்னுடையதாகிவிட்டது. ஆனால் நீளம் இன்னும் யாரோ ஒருவருடையது.

பின்கட்டில் அவர் பட்டறை. என் முழங்கையை மடிக்கச் சொன்னார். மரக்கட்டையின் அடியை என் முழங்கை மடிப்பில் வைத்து, குழலோடு சேர்த்து என் கையைப் பார்த்தார். விரல் விசைக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றது. பென்சிலால் கோடு போட்டார். மறுபடி வைத்துப் பார்த்தார். கோட்டை அழித்து, இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டார். இரண்டு விரல் அகலம் போகவேண்டியிருந்தது. புடவைத் தலைப்பு கட்டைக்கு இடையில் மாட்டிக்கொண்டது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து ஒதுக்கிவிட்டார், ரொம்ப மரியாதையாக.

கட்டையை மேசையில் இறுக்கி மாட்டினார். ரம்பத்தை எடுத்தார். எடுத்துவிட்டு நின்றார்.

"ஒன்ஸ் ஐ கட் இட், மேம்..." என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினார்.

கவிதா சொன்னாள். "அறுத்துட்டா அறுத்ததுதானாம் அத்தை. அப்பறம் இதை வேற யாருக்கும் விக்க முடியாதாம். உங்க சைஸ் ஆளு கிடைக்க மாட்டாங்களாம். நல்லா யோசிச்சுக்கச் சொல்றாரு."

சம்பந்தி பதறிப்போனார். "ஏனுங்க, இப்பத்தான் வாங்குனது! புத்தம்புதுச் சாமானை யாராச்சும் ரம்பத்தை வெச்சு அறுப்பாங்களா? கொஞ்சம் கையை நீட்டிப் புடிச்சுப் பழகிக்கிட்டா ஆச்சு. நாளைக்கு மாப்ளையோ, பாப்பாவோ எடுத்துச் சுடலாம். எல்லாத்துக்கும் ஆகும். கவிதா, நீயாச்சும் சொல்லு."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் நான் தரையைப் பார்க்கிறவள். அன்றைக்கு ராயின் கையைப் பார்த்தேன். ரம்பத்தின் பல் கட்டையில் இன்னும் படவில்லை.

"கட் இட்" என்றேன்.

பட்டறையில் அது எதிரொலித்தது. முன்கடையில் நின்றிருந்த ஒருவர்கூட எட்டிப் பார்த்தார்.

ராய் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ரம்பம் இறங்கியது. வால்நட் மரத் தூள் மேசையில் கொட்டியது, அதற்கு ஒரு கசப்பான, நல்ல வாசனை. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். அறுத்து முடித்து, அடித் தகட்டைத் திருகி, ராய் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். தோளில் வைத்தேன். கழுத்தை நீட்டவில்லை. முதுகைத் திருகவில்லை. விரல் போய்த் தானாக விசையில் உட்கார்ந்தது.

ராய் மேசையில் கிடந்த மரத்துண்டை எடுத்து, வாயால் தூளை ஊதிவிட்டு, நினைவுக்கு வைத்துக்கொள் என்பதுபோல என் முன்னால் நீட்டினார்.

நான் மூலையில் இருந்த குப்பைக் கூடையைக் காட்டினேன்.